ரேட் கேட்டால் பதில் சொல்வது யார்?

பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போட்டுத் தரச் சொல்லி வருகிற கடைக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்க கடை போனை யாருங்க எடுக்கறது?" என்றுதான். பெரும்பாலும் ஒரு சங்கடச் சிரிப்பு வரும். "நாந்தாங்க எடுப்பேன். கூட்டமா இருந்தா எடுக்க முடியாது" என்பார் ஒருவர். "பையன் காலேஜ் விட்டு வந்து வாட்ஸ்அப்பப் பாத்துக்குவானுங்க" என்பார் இன்னொருவர். அந்தப் பதிலிலேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். மாதம் ஐயாயிரம் செலவழிக்கப் போகிறாரா, ஐம்பதாயிரமா என்பதெல்லாம் அப்புறம்.

ஈரோட்டில் இதுதான் என் பிழைப்பு. முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து, அவரே சரக்கு இறக்கி, அவரே பேங்குக்கும் ஓடுகிற கடைகள்தான் எனக்கு வேலை கொடுப்பவை. இதனால் அவர்களுக்கு லாபம் உண்டா என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்பார்கள். உண்டு என்றால் தன் வியாபாரத்துக்குப் பேசுகிறான் என்பார்கள். இல்லை என்றால், பிறகு ஏன் இதைச் செய்கிறாய் என்பார்கள். சில கடைகளுக்கு உண்டு, நிறையக் கடைகளுக்கு இல்லை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதற்குத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இதற்கு முன் நான் ஃபிளெக்ஸ் டிசைனர். கோரல்டிராவைத் திறந்து உட்கார்ந்தால் காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி, ஆடித் தள்ளுபடி என்று பொழுது போவதே தெரியாது. அந்தத் தொழிலில் ஒரு நிம்மதி இருந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட். கம்பத்தில் கட்டிவிட்டால் என் வேலை முடிந்தது. அந்த போர்டைப் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நியூஸ் பேப்பருக்குள் செருகி அனுப்பும் பிட் நோட்டீஸும் அப்படித்தான். ஆயிரம் அடித்தார்கள் என்றால் ஆயிரம் அடித்தார்கள், அவ்வளவுதான் கணக்கு.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்து, கடைக்கு வருகிற லோடுமேன் கையிலும் வீடியோ ஓட ஆரம்பித்தது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்ததில் ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் கீழே விழுந்து, லாரி ஏறி இறந்துபோனார். அதன்பின் போர்டுகளுக்குக் கெடுபிடி அதிகமானது. அது இருக்க வேண்டிய கெடுபிடிதான். ஃபிளெக்ஸ் ஆர்டர் குறைந்த அந்த மாதங்களில்தான், "தம்பி, அதே டிசைன பேஸ்புக்குல போட்டு உட்ருங்க" என்று கடைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் போட்டுவிட ஆரம்பித்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது இலவச காலம் முடிந்துபோயிருந்தது. இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ஓகில்வி விளம்பர நிறுவனம் 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013 அக்டோபரில், ஒரு நிறுவனத்தின் பேஸ்புக் பக்கத்தில் போட்ட பதிவு அதைப் பின்தொடர்பவர்களில் ஏறத்தாழ 12 சதவீதம் பேர் கண்ணில் பட்டது. அடுத்த பிப்ரவரியிலேயே அது 6 சதவீதம். 2018 ஜனவரியில், இனி நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்குத்தான் முன்னுரிமை என்று மார்க் சக்கர்பெர்க்கே அறிவித்தார். கடைக்காரர் பக்கம் ஆரம்பித்து, சொந்தபந்தம் எல்லோரையும் லைக் போடச் சொல்லி, தினம் ஒரு ‘இனிய காலை வணக்கம்’ படம் போடுவார். அதை அவருடைய மச்சான்கூடப் பார்ப்பதில்லை. மச்சான் மேல் தப்பில்லை, அவருக்கு அது காட்டப்படவே இல்லை.

அந்த ஏமாற்றத்தில் இருக்கும்போதுதான் ‘பூஸ்ட்’ என்கிற நீலப் பொத்தான் கண்ணில் படும். ஐந்நூறு ரூபாய் போட்டால் இத்தனை ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்று அதுவே ஆசை காட்டும். போட்டதும் லைக் வரும். கடைக்கு ஆள் வராது. இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. விளம்பரம் போடும்போது என்ன வேண்டும் என்று கேட்கிறார்களே, அந்த இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கு ஏற்ற ஆளைத்தான் இயந்திரம் தேடிப் பிடிக்கும். லைக், கமென்ட் வேண்டும் என்றால், எதைப் பார்த்தாலும் லைக் போடுகிற பழக்கம் உள்ளவர்களிடம் கொண்டுபோய்க் காட்டும். மெசேஜ் வேண்டும் என்றால், மெசேஜ் அனுப்பும் பழக்கம் உள்ளவர்களிடம். பிரப் ரோட்டில் கடை வைத்திருப்பவருக்குப் பிரப் ரோட்டுக்கு வரக்கூடிய ஆள் வேண்டும். அதற்கு வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தைக் குறித்து, சுற்றளவைச் சுருக்க வேண்டும். ஈரோடு என்று ஊர்ப் பெயரை மட்டும் போட்டுவிட்டால், அண்மையில் இந்த ஊர்ப் பக்கம் வந்துபோனவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து சேலத்துக்குக் காரில் போகிற வழியில் பெருந்துறையில் டீ குடித்தவரும் உங்கள் வாடிக்கையாளர் என்று ரிப்போர்ட் வரும்.

ரிப்போர்ட் என்று சொன்னேன். ஃபிளெக்ஸுக்கு இல்லாத வசதி இது, வம்பும் இதுதான். பன்னிரண்டாயிரம் பேரைச் சென்றடைந்தது என்று அழகான வரைபடம் போட்டு மாதக் கடைசியில் பில்லோடு கொடுத்துவிடலாம். என்னைப்போல் தொழில் செய்யும் பலர் அதைக் கொடுத்துத்தான் பணம் வாங்குகிறார்கள். பத்தாயிரம் பாலோயர்ஸ் தருகிறேன் என்று விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பத்தாயிரத்தில் பாதிப் பேர் எந்த தேசத்தவர் என்றே தெரியாது. அவர்கள் உங்கள் கடலை மிட்டாய் வீடியோவைப் பார்த்து ஒன்றும் செய்யப்போவதில்லை. யாருமே கண்டுகொள்ளாத வீடியோ என்று இயந்திரம் முடிவு கட்டி, உள்ளூரில் இருக்கிற நிஜ ஆளுக்கும் காட்டுவதைக் குறைத்துவிடும். காசு கொடுத்துக் கடையை மூடுகிற வேலை இது.

மோட்டார் காயில் கட்டுகிற ஒருவர் மேட்டூர் ரோட்டுப் பக்கம் இருக்கிறார். நல்ல கைவேலை. பக்கத்துக் கடைக்காரர் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார் என்பதற்காகத் தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தார். நான் வேண்டாம் என்றேன். காயில் கட்டும் கடையை யார் தினமும் பின்தொடர்வார்கள்? போர்வெல் மோட்டார் கருகிப்போன அன்றைக்கு மட்டும்தான் அந்தக் கடை ஒருவருக்கு ஞாபகம் வரும். அன்றைக்கு அவர் இன்ஸ்டாகிராமைத் தள்ளிக்கொண்டு இருக்க மாட்டார். கூகுளில் ‘மோட்டார் ரீவைண்டிங்’ என்று தேடுவார், அல்லது தோட்டத்துப் பக்கத்துக்காரரைக் கேட்பார். ஆக, கூகுள் மேப்பில் கடையைச் சரியான இடத்தில் பதிவு செய்தோம். நேரம், போன் நம்பர், ஞாயிறு உண்டா இல்லையா, எத்தனை எச்.பி. வரை பார்ப்பார் என்பதை எழுதினோம். வேலை முடிந்து மோட்டாரை வாங்க வருகிறவரிடம் இரண்டு வரி ரிவ்யூ எழுதச் சொல்லிக் கேட்கப் பழகிக்கொண்டார். இதற்கு ஒரு பைசா விளம்பரச் செலவு கிடையாது. என்னுடைய கூலி மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு தடவை.

தேடி வருகிறவர் வேறு, பொழுது போகாமல் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறவர் வேறு. பிளம்பர், பஞ்சர் கடை, லாரி ஸ்பேர்ஸ், பல் டாக்டர் எல்லாம் தேடி வருகிறவரை நம்பிய தொழில்கள். கல்யாண மேக்கப், ஆரி ஒர்க் பிளவுஸ், பிறந்தநாள் கேக், மெஹந்தி எல்லாம் கண்ணால் பார்த்து ஆசைப்பட்டு முடிவெடுக்கிறவை. இந்த இரண்டாவது வகைக்கு இன்ஸ்டாகிராம்தான் ஷோரூம். ஆரி போடுகிற ஒரு பெண் வாடகைக் கடையே இல்லாமல் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து முகூர்த்த மாதம் முழுக்க ஆர்டர் எடுப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழில்களில் பலன் உண்டா என்று விவாதிப்பதே நேர விரயம் என்பதால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சாப்பாட்டுக் கடைகள் கதை தனி. எனக்குத் தெரிந்த ஒரு மெஸ், மாதச் சாப்பாட்டு டோக்கனில் ஓடுவது. ஜவுளிக் கடை வேலையாட்கள், தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் கணக்குப்பிள்ளைகள், நகரத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள் என்று தினமும் அதே முகங்கள். சாப்பாட்டு வீடியோ எடுக்கிற ஒருவர் வந்து, மண்சட்டி மீன் குழம்பை வானளாவப் புகழ்ந்துவிட்டுப் போனார். அடுத்த சனி, ஞாயிறு தெருமுனை வரை வண்டிகள். ஒரு மணிக்கே மீன் தீர்ந்தது. ஒன்றரைக்கு வேலை முடித்து வந்த டோக்கன்காரர்கள் நின்று பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். வீடியோ பார்த்து வந்தவர்களில் சிலர், தீர்ந்துவிட்டது என்ற கோபத்தில் கூகுளில் ஒரே ஒரு ஸ்டார் போட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்த வீடியோவ எடுக்க முடியுங்களா?" என்று கேட்டார். அதை எடுக்க முடியாது. உள்ளறையை டோக்கன்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார். "வீடியோ பாத்து வர்றவரு ஒருநா தின்னுட்டுப் போவாரு தம்பி. டோக்கன்காரரு மாசம் பூரா திங்கறவரு" என்றார். அதற்கு மேல் ஒரு மார்க்கெட்டிங் பாடம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை.

இந்த மாதிரி வீடியோக்களில் காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இலேயே வழிகாட்டு நெறி வகுத்துவிட்டது. எங்கள் பக்கத்து வீடியோக்களில் அப்படி ஒரு வரியை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

பலன் உண்டா இல்லையா என்று எனக்கே குழப்பமாக இருந்து, பிறகு தெளிந்தது பவானி ஜமக்காளத்தில்தான். ஒரு நெசவுக் குடும்பம். பெரியவர், அவர் மகன், மருமகள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, பெயரும் உண்டு. ஆனால் விசைத்தறியில் அடித்த மலிவுச் சரக்கு அதே பெயரில் சந்தையில் கிடக்கும்போது, குழித்தறியில் கையால் நெய்ததை அதன் விலைக்கு விற்பது லேசான காரியம் இல்லை. மகன் என்னிடம் வந்தார். நான் போய் வீடியோ எடுத்தேன். அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைக் கைமாற்றிக்கொள்வார்கள். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை ஏறிக்கொண்டே வரும். தறிச் சத்தத்தை அப்படியே விட்டு, பாட்டு எதுவும் சேர்க்காமல் போட்டோம்.

வீடியோ ஓடியது. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், துபாய். நெருப்புப் படம், கும்பிடு படம், ‘நம் பாரம்பரியத்தைக் காப்போம்’ என்று குவிந்தது. ஜமக்காளம் விற்கவில்லை. ‘பிரைஸ் ப்ளீஸ்’ என்று கேட்டவர்களுக்கு மகன் சாயங்காலம் உட்கார்ந்து விலையை அனுப்பினார். விலை போனதும் எதிர்ப்பக்கம் மௌனம். சிலர் மட்டும், "ஆன்லைன்ல இதைவிடக் கம்மிக்குக் கிடைக்குதே" என்றார்கள்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விலையைப் போடாதே, கேட்கவிடு, கேட்டால் கமென்ட் கூடும், கமென்ட் கூடினால் வீடியோ இன்னும் ஓடும் என்பார்கள். அது வீடியோவுக்கு நல்லது, வியாபாரத்துக்கு இல்லை என்பது என் முடிவு. அடுத்த வீடியோவில் அளவு எத்தனை அடி, எத்தனை பேர் உட்காரலாம், விலை என்ன, கொரியர் எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதிப் போட்டோம். கொரியர் முக்கியம். ஜமக்காளம் கனம். எடைக்குத்தான் கொரியர் கட்டணம். விலையைக் கேட்டுத் தலையாட்டியவர்கூட, கொரியர் தொகையைத் தனியாகச் சொன்னதும் பின்வாங்குவார். அதனால் கொரியரையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னோம். கமென்ட் பாதிக்கும் கீழே போனது. ஆனால் வந்த மெசேஜ்கள் வேறு மாதிரி இருந்தன. சாயம் போகுமா, வாஷிங் மெஷினில் போடலாமா, அப்பார்ட்மென்ட் ஹாலுக்கு எந்த அளவு சரியாக இருக்கும், பேத்தி கல்யாண நிச்சயத்துக்குள் வந்து சேருமா. வாங்க நினைக்கிறவர் கேட்கிற கேள்விகள்.

அப்போதுதான் பெரியவர் உள்ளே வந்தார். மகனுக்கு நெய்கிற நேரத்தில் டைப் பண்ண முடியாது. பெரியவருக்கு டைப் பண்ணவே வராது. மருமகள் கேள்வியைப் படித்துச் சொல்ல, அவர் வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல ஆரம்பித்தார். "மொத தடவ துவைக்கறப்ப லேசா சாயம் எறங்குமுங்க, தனியா போட்டுருங்க. மெசின்ல போடாதீங்க, நம்ம தறிநூலு கனமுங்க, மெசினு தாங்காது" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார். எந்த மார்க்கெட்டிங்காரனும் எழுதித் தர முடியாத பேச்சு. வெளிநாட்டிலிருந்து கேட்கிறவர்கள் ஜமக்காளம் வாங்குகிறார்களோ இல்லையோ, மறுபடி அவர் குரலைக் கேட்கவே இன்னொரு கேள்வி கேட்பார்கள். மெஷின் தாங்காது என்று குறையைச் சொல்லி விற்றது அவர்தான். விளம்பரத்துக்கு நாங்கள் செலவழித்த பணம் அப்படியேதான் இருந்தது. பதில் சொல்ல ஆள் கிடைத்ததும் விற்பனை நகர்ந்தது. குடோன் காலியாகிவிட்டது என்றெல்லாம் கதை விட மாட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை வரும் மொத்த வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டிய கட்டாயம் குறைந்தது, அவ்வளவுதான். அவர்களுக்கு அது பெரிது.

இதைப் பணக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். சேலை விற்கிற ஒருவருக்கு ஒரு சேலையில் எல்லாச் செலவும் போக 250 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் வாட்ஸ்அப்பில் விசாரிப்பதற்கு 20 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். இருபது பேர் கேட்டு ஒருவர் வாங்கினால் விளம்பரச் செலவு 400. சேலைக்கு 150 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அதே இருபது பேருக்குச் சுடச்சுடப் பதில் சொல்லி இரண்டு பேர் வாங்கினால், தலைக்கு 200. ஐம்பது ரூபாய் நிற்கிறது. விளம்பரம் அதேதான், டிசைன் அதேதான். விளம்பரத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு உண்டு. பதிவு பெற்ற கடைக்காரர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார், வீட்டிலிருந்து விற்கிறவருக்கு அது முழுச் செலவு. ஐம்பது ரூபாயில் அதையும் கழித்தால் மீதி டீச் செலவுக்குத்தான் ஆகும். முதல் சேலையில் லாபம் பார்க்கவே முடியாது என்பது இந்தக் கணக்கு சொல்லும் செய்தி. அதே ஆள் இரண்டாவது, மூன்றாவது சேலை வாங்கும்போதுதான் காசு. அதற்கு விளம்பரம் தேவையில்லை, அவருடைய நம்பர் நம்மிடம் இருக்க வேண்டும்.

சூரம்பட்டியில் வீட்டிலிருந்தே சேலை விற்கிற அக்கா ஒருவருக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித் தரவில்லை. அவரே வந்து சேர்ந்துவிட்டார். இளம்பிள்ளையிலிருந்து சரக்கு எடுப்பார். செவ்வாய்க்கிழமை கனி மார்க்கெட் வாரச் சந்தையிலும் ஒரு சுற்று சுற்றுவார். காலை வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடியில் படம் எடுத்துவிடுவார். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகத் தெரியும், பார்சல் திரும்பி வரும் என்பது அவர் பட்டறிவு. ‘நேரில் இதைவிட ஒரு ஷேட் டார்க்’ என்று படத்திலேயே எழுதிவிடுவார். பார்சலைப் பிரிக்கும்போது முழுசாக வீடியோ எடுத்தால்தான் டேமேஜ் புகாரை ஏற்பார். பணம் அனுப்பியதாகப் போலி ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறவர்கள் உண்டு என்பதால் பேங்க் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் பார்சல் கட்ட மாட்டார்.

வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரைதான். அதிலும், நம் நம்பரைத் தன் போனில் சேவ் செய்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். நிறையப் பேர் இது தெரியாமல் ஆயிரம் நம்பரை வாங்கிவைத்துக்கொண்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு வைப்பார்: இந்த நம்பரைச் சேவ் செய்தால் புது டிசைன் முதலில் உங்களுக்கு. வாங்கினவர் பெயர், ஊர், என்ன நிறம் பிடிக்கும், மகள் கல்யாணம் எப்போது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கட்டத்தில், "தம்பி, விளம்பரத்த நிறுத்திக்கலாமுங்க, இருக்கறவங்களுக்கே அனுப்ப நேரம் பத்தல" என்று என்னை அனுப்பிவைத்துவிட்டார். மாதச் சம்பளம் போனது எனக்கு வருத்தம்தான். அவர் செய்தது சரி.

நோட்டு எவ்வளவு முக்கியம் என்பது 2020 ஜூன் 29 அன்று தெரிந்தது. டிக்டாக்கை அரசாங்கம் தடை செய்த நாள். பேன்சி கடை வைத்திருந்த ஒரு தம்பி அதில் ஏராளமான பேரைச் சேர்த்து வைத்திருந்தான். வளையல் அடுக்குகிற வேகத்தைக் காட்டியே ஊர் ஊராக ஆர்டர் எடுத்தவன். அந்த ஆட்களில் ஒருவரை அழைத்துப் பேசக்கூட அவனிடம் நம்பர் இல்லை. சில நாட்களில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, அவன் முதலிலிருந்து தொடங்கினான். 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம் போல முடங்கிக் கிடந்தன. அன்றிரவு கடைக்காரர்கள் வரிசையாக எனக்குப் போன் செய்தார்கள், ஏதோ நான் ஸ்விட்சை அணைத்துவிட்டதைப் போல.

தீபாவளிக்கு விளம்பரம் போட வேண்டும் என்று ஐப்பசி பிறந்ததும் வருகிறவர்களை நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இந்த விளம்பர இடமெல்லாம் ஏலத்தில் விடப்படுபவை. ஆனால் நம் மஞ்சள் ஏலம் போல அதிக விலை எழுதியவருக்கே மூட்டை போய்விடாது. பார்க்கிறவர் அதைத் தொடுவாரா, விளம்பரம் தரமானதா என்பதும் சேர்த்து எடை போடப்படும். அப்படி இருந்தும், ஆடியிலும் தீபாவளியிலும் பெரிய ஜவுளிக் கடைகளும் ஆன்லைன் கம்பெனிகளும் இறங்கும்போது விலை ஏறத்தான் செய்யும். நாளைக்கு முந்நூறு ரூபாய் போடுகிறவர் அந்தக் கூட்டத்தில் நுழைந்து என்ன செய்வார்? இன்னொரு சிக்கலும் உண்டு. யாருக்குக் காட்டினால் காரியம் நடக்கும் என்று இயந்திரம் கற்றுக்கொள்ள, வாரத்துக்கு ஐம்பது தடவை போல அந்தக் காரியம் நடக்க வேண்டும் என்று பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொல்கிறது. வாரத்துக்கு நாலு விற்பனை நடக்கிற கடையில், விற்பனையையே குறியாக வைத்து விளம்பரம் ஓட்டினால் அது கற்றுக்கொள்வதற்குள் பண்டிகை முடிந்துவிடும். சிறியவர்கள் மெசேஜைக் குறியாக வைத்து, புரட்டாசியிலேயே ஆளைச் சேர்த்து நம்பரை வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். பண்டிகை வாரத்தில் அந்த நம்பர்களுக்கு அனுப்பினால் போதும்.

இப்போது புதிதாக யார் வந்தாலும் முதல் மாதம் நான் விளம்பரம் போடுவதில்லை. போனில் வருகிற ஒவ்வொரு அழைப்பையும் மெசேஜையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறேன். எத்தனை மணிக்கு வந்தது, என்ன கேட்டார், எத்தனை நேரம் கழித்துப் பதில் போனது, வாங்கினாரா. சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஸ்வீட் கடைக்காரர் ஒருவர், "விளம்பரம் போடறவன்கிட்ட வந்தா கணக்கு வாத்தியார் மாதிரி நோட்டுப் போடச் சொல்றானே" என்று எழுந்து போய்விட்டார். பத்தாயிரம் பாலோயர்ஸ் தருகிறவரிடம் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு பாத்திரக்கடைக்காரர் எழுதினார். கல்யாணச் சீர் பாத்திரம் அவருடைய முக்கிய வியாபாரம். நோட்டைப் பார்த்தபோது, எடுக்கப்படாமல் போன அழைப்புகள் பெரும்பாலும் மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் வந்தவை. கடையில் எல்லோரும் மாற்றி மாற்றிச் சாப்பிடப் போகிற நேரம். வீட்டில் பெண்கள் சமையல் முடித்துவிட்டு நிதானமாகப் போன் செய்து ‘பித்தளை செட் எவ்வளவு, எவர்சில்வர் எவ்வளவு’ என்று விசாரிக்கிற நேரமும் அதேதான். விசாரித்த வீட்டுக்காரர்கள் பதில் கிடைக்காமல் அடுத்த கடைக்குப் போயிருந்தார்கள். பழைய அழைப்புகளைத் தேடிப் பிடித்துத் திருப்பிப் பேசியதில் இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் வாங்காமல் இருந்தது தெரிந்தது. அவர்கள் கடைக்கு வந்தார்கள்.

இப்போது அந்தக் கடையில் போனுக்கும் வாட்ஸ்அப்புக்கும் என்று ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். செட் வாரியாகப் படமும் விலையும் அந்தப் பெண்ணே எடுத்து வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் ஏற்றிவிட்டார், என்னைவிட நன்றாக. விளம்பரம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. தை முகூர்த்தங்களுக்கு ஒரு மாதம் முன்னால், கடையைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் மட்டும், மத்தியான நேரத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்குள் பித்தளை விலை ஏறிவிட்டால் கேட்டலாக்கை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.